லெவல் புத்தகமும் முடிவிலாத் தொடரும்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. என் பேத்தி தன் கணக்கு விடைத்தாளைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறாள். பொறியியல் நுழைவுத் தேர்வுக்காக ஒரு பயிற்சி வகுப்புக்கும் போய் வருகிறாள். அங்கே வைத்த தேர்வில் ஒரு கணக்குக்குச் சிவப்பு மையில் பெரிய பூஜ்யம். காரணம் எழுதவில்லை.

"தாத்தா, ஒவ்வொரு வரியும் சரியாத்தான் இருக்கு. ஆனா விடை மைனஸ்ல வருது. கூட்டினது எல்லாம் பிளஸ். எப்படி?" என்றாள். கண் கலங்கியிருந்தது. கணக்கே தனக்கு வராது என்று முடிவு கட்டிவிட்டாள் போலிருக்கிறது.

கணக்கு இதுதான்:

1/(2×3) + 1/(3×4) + 1/(4×5) + … முடிவில்லாமல் கூட்டினால் எவ்வளவு?

அவள் முதல் உறுப்பை 2/3 − 1/2 என்று எழுதியிருந்தாள். இரண்டாவதை 3/4 − 2/3, மூன்றாவதை 4/5 − 3/4. சரிபார்த்தேன், எல்லாம் சரி. பிறகு 2/3-ஐ 2/3-ஓடும், 3/4-ஐ 3/4-ஓடும் அடித்துக்கொண்டே போய், "மிச்சம் −1/2" என்று முடித்துவிட்டாள்.

நான் டிப்ளமா படித்தவன். எங்கள் பாடத்தில் முடிவிலாத் தொடருக்கு அரைப் பக்கம்கூட இல்லை. ஆனால் அந்தத் தாளைப் பார்த்ததும் எனக்குப் பழைய லெவல் புத்தகம் நினைவுக்கு வந்தது.

ரயில் பாதை போடுமுன் தரையின் ஏற்ற இறக்கத்தை அளப்போம். கலாசி ஒவ்வொரு இடமாக ஸ்டாஃபைப் பிடித்துக்கொண்டு நிற்பார். கருவி வழியாகப் பார்த்து, முந்தைய புள்ளியைவிட இது எவ்வளவு ஏற்றம் அல்லது இறக்கம் என்று குறிப்போம். ஒரு புள்ளியின் மட்டம் 312.450 மீட்டர், அடுத்து 313.120, அடுத்து 312.880, கடைசியில் 314.005 என்று வைத்துக்கொள்ளுங்கள். வித்தியாசங்கள்: 0.670 ஏற்றம், 0.240 இறக்கம், 1.125 ஏற்றம். கூட்டிக் கழித்தால் 1.555. கடைசி மட்டத்திலிருந்து முதல் மட்டத்தைக் கழித்தாலும் அதே 1.555. நடுவில் நானூறு புள்ளிகள் இருந்தாலும் இப்படித்தான். ஒவ்வொரு புள்ளியும் ஒரு முறை கூட்டலாகவும் ஒரு முறை கழித்தலாகவும் வந்து ஒழிந்துபோகும். பக்கத்தின் அடியில் இந்தச் சரிபார்ப்பு இல்லாவிட்டால் மேலதிகாரி புத்தகத்தைத் திருப்பி வீசுவார். (ஸ்டாஃபையே தப்பாகப் படித்திருந்தால் இது காட்டிக்கொடுக்காது. அதற்காகத் திட்டு வாங்கியது தனிக்கதை.)

பேத்தியிடம் சொன்னேன்: "உன் கணக்கில் மட்டங்கள் 1/2, 2/3, 3/4, 4/5… நீ முதல் புள்ளியை வைத்துக்கொண்டு கடைசிப் புள்ளியைத் தொலைத்துவிட்டாய்."

"கடைசின்னு ஒண்ணு இல்லையே தாத்தா!"

அங்கேதான் சிக்கல். கடைசி இல்லை என்பதற்காக அதை அழித்துவிட முடியாது. ஆகவே முதலில் ஓர் இடத்தில் நிற்க வேண்டும். 'ந' உறுப்புகள் மட்டும் கூட்டினால் வருவது (ந+1)/(ந+2) − 1/2. இதுதான் பகுதிக் கூடுதல். பத்து உறுப்புக்கு 11/12 − 1/2. நூறு உறுப்புக்கு 101/102 − 1/2. ந பெருகப் பெருக முன்னால் நிற்கும் பின்னம் 1-ஐ நெருங்குகிறது, ஒருபோதும் தாண்டுவதில்லை. எனவே எல்லை 1 − 1/2, அதாவது 1/2. அவள் தொலைத்தது அந்த 1.

இதே கணக்கை 1/2 − 1/3, 1/3 − 1/4 என்று பிரித்து எழுதியிருந்தால், கண்ணை மூடிக்கொண்டு அடித்தாலும் 1/2 என்ற சரியான விடை வந்திருக்கும். அங்கே வால் பூஜ்யத்தை நெருங்குவதால் அதை மறந்ததே தெரியாமல் போகும். முழு மதிப்பெண்ணும் கிடைத்திருக்கும். என்னைக் கேட்டால், பூஜ்யம் வாங்கியதே நல்லது.

வால் அடங்காத தொடரும் உண்டு. (√2 − √1) + (√3 − √2) + (√4 − √3) + … உறுப்புகள் சிறுத்துக்கொண்டே போகின்றன. ஆனால் 99 உறுப்புகளின் கூடுதல் √100 − 1 = 9. 9999 உறுப்புகளுக்கு 99. இதற்கு எல்லையே இல்லை. உறுப்புகள் தேய்ந்தால் கூடுதல் நின்றுவிடும் என்று நினைப்பது பெரியவர்களும் செய்யும் தவறு.

இன்னொரு இடறல் முன்பக்கத்தில் வரும். 1/(1×3) + 1/(2×4) + 1/(3×5) + … இதில் ஒவ்வொரு உறுப்பும் பாதி × (1/1 − 1/3), பாதி × (1/2 − 1/4) என்று ஒன்று விட்டு ஒன்றாக ஒழியும். எனவே முன்னால் 1, 1/2 என இரண்டு மிஞ்சும். விடை 3/4. ஒன்றை மறந்தவர்கள் 1/2 என்று எழுதுவார்கள். நான்கு உறுப்புகளை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

இவற்றுக்குத் தொலைநோக்கித் தொடர் என்று பெயர். பழைய கப்பல்காரர்களின் குழாய்த் தொலைநோக்கியைப் போல நீளமானது மடங்கிச் சிறுத்துவிடுகிறது. ரயில்வேக்காரனுக்கு மட்டும் அந்த ஆங்கிலச் சொல் உவப்பானதல்ல. மோதலில் ஒரு பெட்டி இன்னொன்றுக்குள் புகுந்துவிடுவதையும் டெலஸ்கோப்பிங் என்றுதான் சொல்வோம். அப்படிப் புகாதபடி வடிவமைத்த எஃகுப் பெட்டிகளைத்தான் 1955 முதல் பெரம்பூர் தொழிற்சாலை கட்டத் தொடங்கியது.

இந்த வழி புதிதல்ல. இத்தாலியின் மெங்கோலி 1650-இலேயே இத்தகைய கூடுதல்களை வெளியிட்டார். 1672-இல் பாரிஸில், ஊசல் கடிகாரம் கண்ட ஹைகன்ஸ், இளைஞர் லைப்னிட்ஸிடம் ஒரு கணக்குக் கொடுத்தார்: 1 + 1/3 + 1/6 + 1/10 + 1/15 + … கீழே இருப்பவை முக்கோண எண்கள், 1, 1+2, 1+2+3 என்று புள்ளிக் கோலம் போல வளர்பவை. லைப்னிட்ஸ் ஒவ்வொரு உறுப்பையும் வித்தியாசமாக்கினார்: 2/1 − 2/2, 2/2 − 2/3, 2/3 − 2/4… ந உறுப்புகளின் கூடுதல் 2 − 2/(ந+1). எல்லை 2. சட்டம் படித்து, அரசாங்கத் தூது வேலையாகப் பாரிஸ் வந்தவர் அவர். அப்போது வயது 26. பிறகு நுண்கணிதத்தை உருவாக்கியவர்களில் ஒருவரானார்.

பேத்தி இதைக் கேட்டுவிட்டு, தானாகவே ஒரு கணக்கு எடுத்து வந்து அரை மணியில் போட்டாள். நம் சங்கத்துப் பிள்ளைகளும் முயலட்டும்:

1/(1×2×3) + 1/(2×3×4) + 1/(3×4×5) + …

குறிப்பு: 1/(1×2)-லிருந்து 1/(2×3)-ஐக் கழித்துப் பாருங்கள், முதல் உறுப்பைப் போல எத்தனை மடங்கு வருகிறது? விடை 1/4 வர வேண்டும். ந உறுப்புகளுக்கு என்ன வருகிறது என்பதையும் எழுதுங்கள்.