பின்தொடர்பவனும் பார்வையாளனும்

மர்மத் திரைப்படம் என்றதும், பெருஞ் செலவில் அமைத்த காட்சிகளும் காதைத் துளைக்கும் வெடியோசையுமே பலருடைய நினைவுக்கு வருகின்றன. இவை எவையுமின்றி மனத்தை நடுங்கச் செய்தல் இயலுமா? இயலும் என்பதற்கு, இலண்டன் மாநகரில் எடுக்கப்பட்டு 1998ஆம் ஆண்டில் வெளிவந்த 'பொலோயிங்' என்னும் சிறிய படம் சான்றாகின்றது. பின்தொடர்தல் என்பதே அப்பெயரின் பொருள்.

இதனை எழுதி நெறிப்படுத்தியவர் கிறிஸ்தோபர் நோலன். கமராவை இயக்கியவரும் அவரே. பெரிய படநிறுவனம் எதுவும் அவருக்குத் துணை நிற்கவில்லை. செலவு ஏறக்குறைய 6,000 டொலர் என்பர். பங்குபற்றியோர் வார நாட்களில் வேறு தொழில் பார்த்தவர்கள். எனவே வார இறுதிகளில் மட்டுமே படப்பிடிப்பு நடைபெற்றது. முடிய ஓராண்டளவு சென்றது. படச்சுருளை வீணாக்கலாகாது என்பதற்காக, மேடை நாடகம் போலப் பலமுறை ஒத்திகை பார்த்து, ஓரிரு தடவைகளிலேயே காட்சிகளைப் பதிவு செய்தனர். பெருவிளக்குகளுக்குப் பதிலாக யன்னல் வழியே வந்த வெளிச்சத்தையே பெரிதும் நம்பினர்.

இந்த வறுமையே படத்திற்கு வலிமையாயிற்று. கறுப்பு வெள்ளைக் காட்சியில், பாதி ஒளியும் பாதி இருளுமாய்த் தோன்றும் முகம் உண்மை பேசுகின்றதா, பொய் பேசுகின்றதா என்று துணிய முடிவதில்லை.

எழுத்தாளனாக விரும்பும் வேலையற்ற இளைஞன் ஒருவன், தெருவிலே முன்பின் அறியாதோரைப் பின்தொடர்கின்றான். ஒருவரை இருமுறை தொடர்வதில்லை என்று தனக்கே ஒரு விதியும் வகுத்துக்கொள்கின்றான். அவ்விதியை மீறியதும் கொப் என்னும் திருடனிடம் அகப்படுகின்றான். கொப் பொருளுக்காக மட்டும் வீடு புகுபவன் அல்லன். பிறர் அந்தரங்கத்தைக் கலைத்துப் பார்ப்பதிலே இன்பங் காண்பவன். இழந்த பின்னரே மனிதர் தம்மிடம் இருந்ததன் அருமையை உணர்வர் என்பது அவன் வாதம். நோலனின் சொந்த இருப்பிடத்தில் ஒருமுறை திருடர் புகுந்ததே இக்கதைக்கு வித்தாகும்.

நிகழ்ச்சிகள் காலவரிசையில் வருவதில்லை. ஒரு காட்சியில் இளைஞன் தலைமயிரைக் குறைத்து நேர்த்தியாக உடுத்து நிற்பான். மற்றொன்றில் அவன் முகம் காயமுற்றிருக்கும். இக்குறிகளைக் கொண்டு கதையைத் தொடுத்துக்கொள்வது பார்ப்பவனின் பொறுப்பு.

அவ்வாறு தொடுக்கையில் அவனுக்கு ஓர் உண்மை புலனாகின்றது. படமாளிகையின் இருளில் அமர்ந்து அவன் செய்வதும் பின்தொடர்தலே அன்றோ? அறியாத மனிதரின் பூட்டிய வீட்டுக்குள் அவனும் நுழைகின்றான். திருடன் பெட்டியைத் திறக்கும்போது, உள்ளே இருப்பதைக் காண அவன் கழுத்தும் நீளுகின்றது. பிறர் வாழ்வை அறியும் ஆவல் எவ்விடத்தில் குற்றமாகின்றது என்னும் வினாவுக்கு அவனும் விடை கூற வேண்டியவனாகின்றான். வேட்டைக்காரன் என்று தன்னை எண்ணியவனே வலையில் வீழ்ந்தவன் என்பது இறுதியில் வெளிப்படுகையில் ஏற்படும் அதிர்ச்சி, எந்த வெடியோசையாலும் விளையாதது.

2024ஆம் ஆண்டில் சிறந்த நெறியாளருக்கான ஒஸ்கார் விருதைப் பெற்ற நோலன், பிற்காலத்தில் பெரும் பொருட்செலவில் பல படங்களை எடுத்தார். ஆயினும், ஏறத்தாழ 70 நிமிடங்களே ஓடும் இச்சிறு படத்தைக் கண்டு வெளியே வருபவன், தெருவில் தனக்கு முன்னே செல்பவரை உற்று நோக்கச் சற்றுக் கூசுவான். பின்னர், தன் பின்னாலும் ஒருமுறை திரும்பிப் பார்ப்பான்.