இரண்டு ஓவர் வீரனும் இருபத்து நான்கு ஓவரும்

கண்மாய் வற்றினால் ராமநாதபுரம் மாவட்டத்தில் கிரிக்கெட் ஆரம்பம். உள்வாயில் இறுகி வெடித்துக் கிடக்கும் களிமண்ணில் ஒரு கீற்றைச் செதுக்கி, தண்ணீர் தெளித்துத் தட்டினால் பிட்ச். பவுண்டரிக்கு வெளியே சீமைக்கருவேல முள். கடலோர ஊர்களில் அலை நனைத்து இறுக்கிய மணலே மைதானம். பந்து டென்னிஸ் பந்து. எட்டு ஓவர் ஆட்டம். ஒருவருக்கு இரண்டு ஓவர். வேகமாகப் போடுகிற பையன் ஒருவன் ஏறக்குறைய எல்லா ஊரிலும் இருக்கிறான். அவனுக்கு இதில் ஒரு பிழைப்பு உண்டா என்று கேட்டுப் பாருங்கள், உடனே ‘நம்ம நடராஜன் இல்லையா?’ என்பார்கள். அந்தப் பதில் பாதிதான் சரி. அவர் எட்டிய உயரத்தைப் பேசுகிறவர்கள், எந்த வயதில் எட்டினார் என்பதைப் பேசுவதில்லை.

சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியில் 1991ல் பிறந்தவர் தங்கராசு நடராஜன். அப்பா தறித் தொழிலாளி, அம்மா சாலையோரத்தில் கோழிக்கறிக் கடை வைத்திருந்தவர். இருபது வயதுவரை நடராஜன் ஆடியது டென்னிஸ் பந்து கிரிக்கெட்தான். உள்ளூர் அண்ணன் ஜெயப்பிரகாஷ் சென்னைக்கு அழைத்துப் போன பிறகே தோல் பந்து லீக் ஆட்டங்கள். 2015 ஜனவரியில் வங்காளத்துக்கு எதிராக ரஞ்சி அறிமுகம். உடனே பந்துவீச்சு முறையில் சந்தேகம் என்று புகார். முறையைத் திருத்தி மீண்டு வருவதற்குள் ஓராண்டு போனது. 2020 டிசம்பர் 2ஆம் தேதி கான்பெராவில் ஒருநாள் ஆட்டம், இரண்டு நாள் கழித்து டி20, 2021 ஜனவரி 15ல் பிரிஸ்பேனில் டெஸ்ட் என ஒரே பயணத்தில் மூன்று வடிவத்திலும் அறிமுகமான முதல் இந்தியர் ஆனார். அந்த மார்ச்சில் புனேயில் இங்கிலாந்துக்குக் கடைசி ஓவரில் 14 ரன் தேவைப்பட்டபோது, களத்தில் நின்ற சாம் கரனையே 95 ரன்னோடு கட்டிப்போட்டார். அத்தோடு சரி. அடுத்த மாதம் முழங்காலில் அறுவை சிகிச்சை. ஒரு டெஸ்ட், இரண்டு ஒருநாள், நான்கு டி20: இந்தியாவுக்காக அவர் ஆடியது ஏழே ஆட்டம்.

இதைத் துரதிர்ஷ்டம் என்று தள்ளிவிடலாம். பந்தைக் கையில் எடுத்துப் பார்த்தால் வேறு காரணமும் தெரியும். டென்னிஸ் பந்தின் எடை 60 கிராமுக்குள். கிரிக்கெட் பந்து 156 முதல் 163 கிராம். லேசான பந்தை முழங்கையைச் சுண்டியே வேகமாக அனுப்பிவிடலாம். தெருவில் அதை ‘மாங்கா’ என்று கேலி செய்துவிட்டு ஆட்டத்தைத் தொடர்வோம். முழங்கை நீட்டலுக்கு ஐசிசி வைத்த 15 டிகிரி வரம்புக்கு முன்னால் அந்தக் கேலி செல்லாது. டென்னிஸ் பந்து தந்த கொடையும் உண்டு. அதில் தையல் கிடையாது, ஸ்விங்கை நம்ப முடியாது, நடுவில் குத்தினால் எகிறி வந்து மட்டைக்கு வாகாக உட்காரும். அடி வாங்காமல் தப்ப ஒரே வழி பேட்ஸ்மேனின் காலடி. 2020 ஐபிஎல்லில் டிவில்லியர்ஸின் ஸ்டம்பைச் சாய்த்த யார்க்கர் அப்படித் தேறியதுதான். ஆனால் இரண்டு ஓவருக்குப் பழகிய உடம்பு வேறு, பிரிஸ்பேனில் முதல் இன்னிங்ஸில் மட்டும் 24 ஓவருக்கு மேல் வீசி 78 ரன்னுக்கு 3 விக்கெட் எடுக்க வேண்டிய உடம்பு வேறு. முன்னங்கால் ஊன்றும் ஒவ்வொரு முறையும் உடல் எடையைப் போலப் பல மடங்கு விசை காலிலும் இடுப்பிலும் இறங்குகிறது. அதைத் தாங்கும் எலும்பும் தசையும் பதினான்கு வயதில் தொடங்கிச் சிறுகச் சிறுகக் கட்டப்பட வேண்டியவை.

மலிங்கவைக் காட்டி மறுப்பார்கள், மறுக்க வேண்டியதுதான். தனுஷ்கோடியிலிருந்து சுமார் 30 கிலோமீட்டரில் இலங்கையின் தலைமன்னார். அந்த நாட்டின் தென்கரையில் ரத்கம என்ற ஊரில் கடற்கரை மணலில் டென்னிஸ் பந்து எறிந்து வளர்ந்தவர் லசித் மலிங்க. யாரும் சொல்லித் தராத அந்தப் பக்கவாட்டுக் கைவீச்சோடு மூன்று வடிவத்திலும் சேர்த்து 546 சர்வதேச விக்கெட் எடுத்தார். மணலும் பந்தும் ஒன்றென்றால் வித்தியாசம் எங்கே? ரத்கமவிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில் காலி நகரம். அங்கே தோல் பந்து ஆடும் கிளப். அங்கே முன்னாள் வேகப்பந்து வீச்சாளர் சம்பக ராமநாயக்க. பதின்ம வயதிலேயே மலிங்க அவர் கையில் சேர்ந்துவிட்டார். கைவீச்சை மாற்றாமல் உடம்பைத் தேற்றியதுதான் அந்த ஆசிரியரின் பெரிய காரியம் என்பேன். 20 வயதில் மலிங்க டார்வினில் டெஸ்ட் ஆடிக்கொண்டிருந்தார். அதே வயதில் நடராஜன் டென்னிஸ் பந்து டோர்னமெண்டில் இருந்தார்.

சென்னையிலேயே பிறந்து வளர்ந்த பாலாஜிக்கும் முதுகு போனதே என்பது அடுத்த கேள்வி. உண்மைதான். 2004ல் பாகிஸ்தான் மண்ணில் நாடே கொண்டாடிய லட்சுமிபதி பாலாஜி எட்டு டெஸ்டோடு நின்றார். வேகப்பந்து வீச்சில் காயத்துக்குப் பட்டணம், பட்டிக்காடு தெரியாது. ஆனால் அவர் திரும்பி வந்தார்: 2008ல் ஐபிஎல்லின் முதல் ஹாட்ரிக், 2012ல் டி20 உலகக் கோப்பை. இளம் வயதிலேயே தோல் பந்து வீசிய உடம்புக்கு இரண்டாவது வாய்ப்பைக் கேட்க வயது மிச்சம் இருந்தது. நடராஜன் இந்திய அணியில் முதல் வாய்ப்பைப் பெற்றதே 29 வயதில்.

திறமை இருந்தால் தானே மேலே வரும் என்பவர்களோடு எனக்கு ஒத்துப்போகவில்லை. டென்னிஸ் லில்லியைக் கொண்டு 1987ல் தொடங்கிய எம்ஆர்எஃப் வேகப்பந்து அறக்கட்டளை இருப்பது சென்னையில். மகாராஷ்டிரத்தின் ஸ்ரீராம்பூரிலிருந்து ஜாகீர் கானும், குஜராத்தின் இகார் கிராமத்திலிருந்து முனாஃப் படேலும் அங்கே வந்து தேறினார்கள். முனாஃப் தானாக வரவில்லை. முன்னாள் விக்கெட் கீப்பர் கிரண் மோரே பார்த்தார், அனுப்பினார். ஒரே ராத்திரியில் ரயிலில் சென்னை போய்ச் சேரும் ராமேஸ்வரத்துப் பையனுக்கு அப்படிப் பார்த்து அனுப்ப ஆள் வேண்டும். அந்த ஆள் பார்க்கும்போது பையன் கையில் தோல் பந்து இருக்க வேண்டும். நடராஜன் இதை நம்மைவிட நன்றாக அறிந்தவர். 2023ல் சின்னப்பம்பட்டியில் சொந்த முயற்சியில் மைதானமே அமைத்துவிட்டார்.

மாவட்டத்துக்குக் கிரிக்கெட் ஸ்டேடியம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. வரும் கோடையில் கண்மாயில் டோர்னமெண்ட் நடத்தும் நண்பர்களே, சுழற்கோப்பைக்கும் பிளெக்ஸ் பேனருக்கும் ஒதுக்கும் பணத்தில் பாதியை எடுத்து ஒரு மேட், இரண்டு செட் பேடு, ஹெல்மெட், ஒரு டஜன் தோல் பந்து வாங்குங்கள். பதினான்கு வயதுப் பையன்களைக் கூப்பிட்டு ஆளுக்கு நான்கு ஓவர் போடச் சொல்லுங்கள்.