தமர் என்னும் உணர்வு

அயல்நாட்டிலிருந்து கற்க வந்த மாணவர் ஒரு பல்கலைக்கழகத்தில் இடம் பெறுதல் ஒன்று; அங்குள்ளார்க்குத் தமராதல் வேறொன்று. முன்னதைச் சேர்க்கைக் கடிதம் தந்துவிடும். பின்னதை எக்கடிதமும் தராது. புகார் நகரைப் பாடும் பட்டினப்பாலை, பல மொழி பேசும் அயலார் அங்கு வந்து தங்கியதை மட்டும் சொல்லி அமையவில்லை. அவர்கள் பிறரோடு கூடி மகிழ்ந்து வாழ்ந்ததையும் சேர்த்தே சொல்கிறது. தங்குதல் வேறு, கூடி வாழ்தல் வேறு என்னும் தெளிவு நம் முன்னோர்க்கு இருந்தது.

இக்கால ஆராய்ச்சியும் இதனையே வலியுறுத்துகின்றது. கல்லூரியில் ஒருவர் நிலைப்பதும் விலகுவதும் அறிவுத் திறனை மட்டும் பொறுத்தவை அல்ல. பாடத்தோடும் உடன் வாழ்வாரோடும் அவர் எவ்வளவு ஒன்றுகிறார் என்பதையும் பொறுத்தவை என 1975இல் அமெரிக்க அறிஞர் வின்சென்ட் டின்டோ விளக்கினார்.

சிங்கப்பூருக்குத் தமிழ்நாட்டிலிருந்து கற்கச் செல்லும் மாணவரை எண்ணிப் பார்ப்போம். தமிழ் அந்நாட்டின் நான்கு ஆட்சிமொழிகளுள் ஒன்று. விடுமுறை நாளில் லிட்டில் இந்தியாவுக்குச் சென்றால், சிராங்கூன் சாலையின் பெயர்ப்பலகைகளும் தேக்கா சந்தையின் இரைச்சலும் வீரமாகாளியம்மன் கோயில் மணியோசையும் ஊர் நினைவைத் தணிக்கும். ஆயினும், அது ஒருநாள் ஆறுதலே. மறுநாள் விரிவுரை மண்டபத்தில் அவர் மீண்டும் புதியவரே.

மொழி ஒன்றாயினும் வழக்கு வேறுபடும். அங்கு 'வெள்ளி' என்பது நாணயம். 'பசியாறுதல்' என்பது காலையுணவு உண்ணுதல். வந்தவரின் பேச்சை உள்ளூர் மாணவரும், உள்ளூரார் பேச்சை வந்தவரும் நகையாடினால், தாய்மொழியே இடைச்சுவராகிவிடும். இரண்டும் தமிழே எனக் கொண்டால், அதுவே பாலமாகும்.

பல்கலைக்கழகத்தில் தமிழும் ஒருகால் தன் இடத்திற்காகப் போராட வேண்டியிருந்தது. 1949இல் சிங்கப்பூரில் தோன்றிய மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்தியவியல் துறை அமையவிருந்தபோது, முதலிடம் தமிழுக்கா வடமொழிக்கா என்னும் வினா எழுந்தது. 'தமிழ் முரசு' ஆசிரியர் கோ. சாரங்கபாணி தமிழுக்காக வாதாடினார். 'தமிழ் எங்கள் உயிர்' என்னும் பெயரில் பொதுமக்களிடம் நிதி திரட்டினார். 1956இல் துறை தொடங்கியபோது தமிழ் அங்கு இடம் பெற்றது. கொடுத்தவர்க்குக் கொடுத்த இடத்தில் உரிமை பிறக்கும் என்பதற்கு இது சான்று.

ஆதலின், அயல் மாணவரை விருந்தினராகவே வைத்துப் போற்றுதல் போதாது. விருந்தினர் எத்தனை நாள் இருப்பினும் விருந்தினரே. மன்றத்தில் ஒரு பொறுப்பு, நாடகத்தில் ஒரு வேடம், இளையோர்க்குப் பாடம் சொல்லும் ஒரு வேலை எனப் பணியில் பங்கு தருதல் வேண்டும். பங்கு பெற்றவரே 'நாம்' என்று பேசத் தொடங்குவார். அச்சொல் அவர் வாயில் இயல்பாக வரும் நாளே அவர் தமரான நாள்.