குடியிருப்பு உரிமையும் வழக்காடு புதினமும்: கீழத்தஞ்சையை முன்வைத்து

ஜான் கிரிஷாம் 1998இல் வெளியிட்ட ‘தி ஸ்ட்ரீட் லாயர்’ வழக்காடு புதின வகையைச் சார்ந்தது. வாஷிங்டன் நகரில் பழைய கிடங்கொன்றிலிருந்து வெளியேற்றப்பட்டோர் அத்துமீறிக் குடியேறியவர்களா, வாடகை செலுத்தியவர்களா என்னும் வினாவே அதன் கதைமுடிச்சு. வாடகை செலுத்தியமைக்கான சான்று, வழக்கறிஞர் நிறுவனத்தின் கோப்பொன்றில் மறைந்துகிடக்கிறது.

இவ்வினா காவிரிப் படுகைக்குப் புதிதன்று. கீழத்தஞ்சையில் பண்ணையாளின் குடிசை பெரும்பாலும் மிராசுதாரின் நிலத்திலேயே நின்றது. கூலி உயர்வு கேட்பவர் வேலையோடு வீட்டையும் இழக்க நேரும். ஆகவே மனை, கூலியை அடக்கும் கருவியாயிற்று. 1952ஆம் ஆண்டின் தஞ்சாவூர் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் பணிநீக்கத்துக்கு வரம்பிட்டது. 1961ஆம் ஆண்டுச் சட்டம் குடியிருப்பிலிருந்து வெளியேற்றுவதைக் கட்டுப்படுத்தியது. ஆயினும் கூலிப் போராட்டத்தின் பின்னணியில், 1968 டிசம்பர் 25இல் கீழவெண்மணியில் குடிசையொன்றுக்குள் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டனர். இந்திரா பார்த்தசாரதியின் ‘குருதிப்புனல்’ இந்நிகழ்வை அடியொற்றி எழுந்தது. குற்றஞ்சாட்டப்பட்ட நிலவுடைமையாளர்களை 1973இல் சென்னை உயர் நீதிமன்றம் விடுவித்தது.

1971ஆம் ஆண்டுச் சட்டமே மனையை உடைமையாக்கியது. வாடகைக்கு இருந்தோர், நிலவுடைமையாளரின் இசைவால் இருந்தோர் என்னும் இரு திறத்தாரையும் அது ஏற்றது. கிரிஷாமின் மாந்தர்க்கு வாடகைச் சான்று இன்றியமையாதது. ரசீதே அறியாத பண்ணையாளுக்கோ குடியிருந்தமையே சான்றாயிற்று. தமிழில் வழக்காடு புதினம் எழுதுவோர்க்கு இவ்வேறுபாடு வலிய களமாக அமையும் எனலாம்.