சிலந்திக் குஞ்சுக்கு என்ன சாப்பாடு?

2021-ம் ஆண்டு, ஜூலை மாதம்.

போலந்து நாட்டில் இருந்து சென்னைக்கு ஒரு தபால் பார்சல் வந்தது. அருப்புக்கோட்டையில் உள்ள ஒருவருக்குப் போக வேண்டிய பார்சல் அது. சுங்க அதிகாரிகளுக்குச் சந்தேகம் வந்தது. பிரித்துப் பார்த்தார்கள்.

உள்ளே வெள்ளித்தாளும் பஞ்சும் சுற்றிய சின்னஞ்சிறு குப்பிகள் இருந்தன. ஒவ்வொரு குப்பியிலும் ஓர் உயிருள்ள சிலந்தி! மொத்தம் 107 சிலந்திகள்!

அவை "டாரன்டுலா" என்னும் பெரிய சிலந்தி வகையைச் சேர்ந்தவை. தென் அமெரிக்கா, மத்திய அமெரிக்கா, மெக்சிகோ பகுதிகளில் வாழ்பவை. உரிய அனுமதி இல்லாததால், வந்த நாட்டுக்கே திருப்பி அனுப்பும்படி அவற்றைத் தபால் துறையிடம் ஒப்படைத்தார்கள்.

சிலந்தியைக் கூடவா வளர்ப்பார்கள் என்று கேட்கிறீர்களா? வளர்க்கிறார்கள். ஆனால், சர்வதேச ஒப்பந்தப் பட்டியலில் உள்ள அரிய உயிர்களை வைத்திருப்பவர்கள் அரசாங்கத்தில் பதிவு செய்ய வேண்டும். வனவிலங்குச் சட்டத்தில் 2022-ம் ஆண்டு செய்த திருத்தம் இப்படிச் சொல்கிறது.

சுவரில் ஒரு வேட்டைக்காரன்

சிலந்தியின் வேடிக்கையைப் பார்க்க போலந்து வரை போக வேண்டாம். ராயபுரத்திலோ திருவொற்றியூரிலோ உங்கள் வீட்டுச் சுவரைப் பாருங்கள். ஒரு சிறிய எட்டுக்கால் பூச்சி நடக்கும். சட்டென்று நிற்கும். நம்மைத் திரும்பிப் பார்க்கும். ஒரே தாவலில் ஈயைப் பிடிக்கும்!

அதுதான் தாவும் சிலந்தி. இரை பிடிக்க அது வலை கட்டுவது இல்லை. அதற்கு எட்டுக் கண்கள். நன்றாக வளர்ந்தாலும் சுமார் ஒரு சென்டிமீட்டர் நீளம்தான் இருக்கும். மனிதருக்கு அதனால் ஆபத்து இல்லை.

பையன்கள் இதன் குஞ்சைப் பிடித்து டப்பாவில் போடுவது உண்டு. நாலு நாளில் அது செத்துப்போகும். "சாப்பாடு போட்டேனே! பெரிய கரப்பான் பூச்சியையே போட்டேனே!" என்று பையன் அழுவான்.

தப்பு அங்கேதான் இருக்கிறது. கைக்குழந்தைக்கு முழுத் தேங்காயைக் கொடுத்தால் என்ன ஆகும்?

அளவு என்ன?

சிலந்தியால் எதையும் கடித்து விழுங்க முடியாது. முதலில் பல்லால் குத்தி விஷத்தைச் செலுத்தும். பிறகு செரிக்கவைக்கும் நீரைக் கக்கி, இரையின் உள்ளே உள்ளதைக் கரைக்கும். அந்தச் சாற்றை உறிஞ்சிக் குடிக்கும். கடைசியில் ஈயின் வெறும் கூடுதான் மிஞ்சும்.

ஆகவே, குஞ்சால் அடக்க முடிகிற இரைதான் வேண்டும். குஞ்சின் உடம்பை விடப் பெரிய பூச்சியைப் போடாதீர்கள். அதன் வயிற்றை விடச் சிறியதாக இருந்தால் மிகவும் நல்லது.

வாழைப்பழ ஈ

இதற்கு ஏற்ற இரை, பழத்தின் மேல் மொய்க்கும் பொடி ஈ. இதன் நீளம் சுமார் 3 மில்லிமீட்டர். இந்தச் சின்ன ஈயை வைத்து ஆராய்ச்சி செய்த அமெரிக்க விஞ்ஞானி மார்கன், 1933-ம் ஆண்டு நோபல் பரிசு பெற்றார்!

இதை வளர்ப்பது சுலபம். ஒரு கண்ணாடி பாட்டிலில் நன்றாகக் கனிந்த வாழைப்பழத் துண்டைப் போடுங்கள். ஒரு நாள் திறந்து வையுங்கள். ஈக்கள் வந்ததும் மெல்லிய துணியால் வாயைக் கட்டி நிழலில் வையுங்கள். சுமார் பத்து நாளில் புது ஈக்கள் கிளம்பும்.

வாரத்துக்கு இரண்டு, மூன்று தடவை, ஒன்றிரண்டு ஈக்கள் போட்டால் போதும். டப்பாவின் சுவரில் ஒரு சொட்டுத் தண்ணீர் தெளியுங்கள். மூடியில் காற்றுப் போக ஊசித் துளைகள் இடுங்கள். ஒரு டப்பாவில் ஒரு குஞ்சுதான் இருக்க வேண்டும். இரண்டு இருந்தால் ஒன்றை ஒன்று தின்றுவிடும்!

எவை ஆகாது?

கட்டெறும்பு ஆகாது. அது சிலந்தியையே கடிக்கும்.

மருந்து அடித்த இடத்துப் பூச்சி ஆகவே ஆகாது. தெருவில் கொசுப்புகை அடித்த பிறகு, மயங்கிக் கிடக்கும் பூச்சிகளை எடுத்துப் போடாதீர்கள். பூச்சியைக் கொன்ற மருந்து சிலந்தியையும் கொல்லும்.

சிறு கொசு நல்ல இரைதான். அதற்காக வாளியில் தண்ணீர் தேக்கிக் கொசு வளர்க்காதீர்கள்! அது உங்கள் வீட்டுக்கே டெங்குக் காய்ச்சலைக் கொண்டு வரும்.

பட்டினி அல்ல!

சில நாள் குஞ்சு எதையும் தொடாது. வெள்ளை நூலால் ஒரு சிறு பை கட்டி உள்ளே படுத்துவிடும். பயப்படாதீர்கள். பாம்பைப் போல அது சட்டை உரிக்கப் போகிறது. சட்டை உரித்துத்தான் சிலந்தி வளரும்.

அப்போது டப்பாவில் உள்ள பூச்சியை உடனே எடுத்துவிடுங்கள். புதுத் தோல் மிருதுவாக இருக்கும். நீங்கள் இரையாகப் போட்ட சுவர்க்கோழியே சிலந்தியைக் கடித்துத் தின்றுவிடலாம். தோல் இறுகிய பிறகு, சில நாள் கழித்து ஈ போடுங்கள்.

குஞ்சு வளர்ந்து பெரிதானதும் டப்பாவைத் திறந்து சுவரில் விட்டுவிடுங்கள். கால்வாய் ஓரத்து வீடுகளில் கொசுவுக்கா பஞ்சம்? இனி அதன் சாப்பாட்டை அதுவே தேடிக்கொள்ளும். உங்கள் வீட்டு ஈயும் கொசுவும் கொஞ்சம் குறையும்.