விமானச் சீட்டு விற்கும் உரிமை

கடல் கடந்து செல்லும் விமானத்திற்குச் சீட்டு வாங்க நம்மில் பலர் விமானக் கம்பெனியின் வாசலை மிதிப்பதில்லை. மாட்டுங்காவிலோ கரோல் பாகிலோ, நாம் குடியிருக்கும் தெருவின் கோடியில் உள்ள பிரயாண ஏஜென்சியில் பணத்தைக் கட்டிவிட்டு வருகிறோம். துபாய் வேலைக்கோ, சிங்கப்பூரில் உள்ள மகள் வீட்டுக்கோ போவதற்காகப் பல மாதங்கள் சேர்த்த பணம் அது. அதைப் பெற்றுக்கொள்கிறவருக்குப் பல நாட்டு விமானங்களின் சீட்டுகளை விற்கும் உரிமை எங்கிருந்து வந்தது என்று நாம் கேட்பதில்லை. கேட்டு வைப்பது நலம்.

அவ்வுரிமையை வழங்குவது அரசாங்கம் அன்று. 1945-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம், கியூபாவின் தலைநகரான ஹவானாவில் 31 நாடுகளைச் சேர்ந்த 57 விமானக் கம்பெனிகள் கூடி ஒரு சங்கம் கண்டன. சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கம் என்பது அதன் பெயர். ‘அயாட்டா’ என்றால் எளிதில் விளங்கும். ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வோர் ஊரிலுள்ள ஏஜெண்டுகளைத் தனித்தனியே சோதித்து ஒப்பந்தம் செய்துகொள்வது நடவாத காரியம். எனவே அவற்றின் பொருட்டுச் சங்கமே சோதித்து அங்கீகாரம் அளிக்கிறது.

விண்ணப்பிக்கும் ஸ்தாபனம் சட்டப்படி பதிவானதாக இருக்கவேண்டும். தணிக்கை செய்யப்பட்ட கணக்குகளைக் காட்டவேண்டும். சீட்டுப் பதிவில் தேர்ச்சி பெற்ற ஊழியர்கள் வேண்டும். காகிதச் சீட்டுகள் வழங்கிவந்த காலத்தில், வெற்றுச் சீட்டுக் கட்டுகளைப் பூட்டிவைக்க இரும்புப் பெட்டி உண்டா என்றுகூடப் பார்த்தார்கள். அக்கட்டு ரொக்கத்துக்குச் சமானம் அல்லவா? 2008-ஆம் ஆண்டு ஜூன் முதல் தேதியோடு சங்கம் அவற்றை நிறுத்திவிட்டது. தேறிய ஏஜென்சி ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு, எட்டு இலக்க எண் ஒன்றைப் பெறுகிறது.

இவை எல்லாவற்றிலும் முக்கியமானது பண விஷயம். ஏஜெண்டு நம்மிடம் வாங்கும் சீட்டுப் பணம் அவருடையது அன்று. விமானக் கம்பெனிகளுக்காக அவர் காத்து வைத்திருக்கும் பணம். 1971-இல் ஜப்பானில் தொடங்கிப் பிற நாடுகளுக்கும் பரவிய ஒரு கணக்குத் தீர்வு முறைப்படி, குறித்த தவணைதோறும் எல்லாக் கம்பெனிகளுக்கும் சேர்த்து அவர் ஒரே தொகையாகச் செலுத்துகிறார். அது பங்கிடப்பட்டு அந்தந்தக் கம்பெனிக்குப் போய்ச் சேர்கிறது. தவணைக்கு முன் அவர் கை மாறிவிட்டால் என்ன செய்வது? அதற்காகவே வங்கி ஜாமீனோ அதற்கு நிகரான வேறு பிணையோ கேட்கப்படுகிறது. 2018-இல் தொடங்கிய சீர்திருத்தத்தின்படி ரொக்க விற்பனைக்கு உச்சவரம்பும் விதிக்கப்பட்டது. ரொக்கத் தவணை வசதியே இல்லாத ஒரு சிறு வகை அங்கீகாரமும் அப்போது ஏற்பட்டது.

நிற்க. அந்த ஜாமீன் யாருக்கு? ஏஜெண்டு தவறினால் அது விமானக் கம்பெனிகளின் நஷ்டத்தை ஈடுசெய்யவே பயன்படுகிறது. சீட்டு எழுதப்படாமல் பணம் மட்டும் கொடுத்த பிரயாணிக்கு அதில் பங்கு இல்லை.

மொழிபெயர்ப்புத் தொழிலில் இருக்கும் நமக்கு இங்கே ஒரு சங்கடம் உண்டு. ‘அங்கீகாரம்’ என்ற ஒரே சொல்லை நாம் பல காரியங்களுக்கு வழங்குகிறோம். சுற்றுலா அமைச்சகம் பிரயாண ஏஜென்சிகளுக்கு அளிக்கும் அங்கீகாரம் வேறு. வெளிநாட்டு வேலைக்கு ஆள் சேர்ப்போர் 1983-ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டத்தின்கீழ்ப் பெறும் பதிவு வேறு. சுவரில் சட்டம் போட்டு மாட்டிய அயாட்டா சான்றிதழைப் பார்த்து, ‘இவர் வேலையும் வாங்கித் தருவார்’ என்று எண்ணுவது விபரீதம்.

சான்றிதழே இல்லாத சிறு கடைக்காரர்கள், அங்கீகாரம் பெற்ற பெரிய ஏஜென்சியிடம் சீட்டு எடுத்து விற்பதும் வழக்கத்தில் உள்ளதே. அதில் குற்றமில்லை, ஆனால் நம் பணம் இரண்டு கை தாண்டிப் போகிறது. ஆகவே கையில் பெறுவது எது என்பதைக் கவனிக்கவேண்டும். ஆறு எழுத்தும் எண்ணும் கலந்த குறியீடு வெறும் இடப்பதிவே. அது தானே ரத்தாகிவிடக்கூடும். சீட்டு எழுதியாயிற்று என்பதற்கு அடையாளம் 13 இலக்க எண். அதன் முதல் மூன்று இலக்கங்கள் விமானக் கம்பெனியைக் குறிக்கும். ஏர் இந்தியாவுக்கு 098, சிங்கப்பூர் ஏர்லைன்ஸுக்கு 618. அந்த எண்ணைப் பெற்றவுடன் விமானக் கம்பெனியிடமே நேரில் கேட்டுச் சரிபார்த்துக்கொள்ளலாம். பிரயாணம் ரத்தானால் திரும்பும் பணமும் பெரும்பாலும் சீட்டு எழுதிய ஏஜென்சியின் வழியாகவே வரும். எனவே, கடைக்காரர் பெயரோடு அந்த ஏஜென்சியின் பெயரையும் ரசீதில் எழுதி வாங்கவேண்டும்.