சினை தங்காத பசுவுக்கு இழப்பீடு இல்லை

அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் ஏறத்தாழ 50,000 சதுர கிலோமீட்டர் பரப்புக்குப் புல் போர்த்திய மணற்குன்றுகளாக விரிந்து கிடக்கும் சாண்ட்ஹில்ஸ் பிரதேசத்தில், பசு வளர்ப்பது பாலுக்காக அன்று, இறைச்சிக்காக. சுரக்கும் பால் அனைத்தும் கன்றுக்கே சேர, பண்ணையாருக்குப் பசு ஒன்றினால் ஆண்டில் கிடைக்கும் வரும்படி இலையுதிர் காலத்தில் விற்கும் கன்று ஒன்றுதான் என்பதால், சினை தங்காது போன பசு அவ்வாண்டு முழுவதும் தீனிச் செலவாகவே நின்றுவிடுகிறது.

இயற்கையின் சீற்றத்தால் நேரும் சாவுக்கு அந்நாட்டுச் சட்டத்தில் பரிகாரம் உண்டு. 2019 மார்ச் மாத நடுவில் வீசிய பனிப்புயலும் அதைத் தொடர்ந்த வெள்ளமும் நெப்ராஸ்காவில் ஈன்ற ஈரம் காயாத கன்றுகளை ஏராளமாகக் கொண்டுபோயின. இத்தகைய சமயங்களில், வழக்கமான இறப்புக்கு மேற்பட்ட சாவுகளுக்குச் சந்தை மதிப்பில் 75 சதவீதத்தை மத்திய அரசின் கால்நடை இழப்பீட்டுத் திட்டம் தருகிறது. மெலிவினால் கருத்தரிக்காத பசுவுக்கோ அத்திட்டத்தில் ஒரு காசும் இல்லை. ஆகவே இந்த நஷ்டத்துக்கு உண்மையான காப்பு, எந்த மாதத்தில் ஈனச் செய்வது, எந்த மாதத்தில் பால் மறக்கடிப்பது என்னும் இரண்டு தீர்மானங்களிலேயே அடங்கியிருக்கிறது.

பசுவின் கர்ப்பகாலம் சுமார் 283 நாட்கள். ஆண்டுக்கு ஒரு கன்று வேண்டுமானால், எஞ்சிய 82 நாட்களுக்குள் கருப்பை பழைய நிலைக்குத் திரும்பி, பசு பருவத்துக்கு வந்து, மறுபடி சினை பிடித்தாக வேண்டும். பால் சுரப்பு உச்சத்தை எட்டுவதும் ஈன்ற இரண்டாம் மாதத்தை ஒட்டியே என்பதுதான் இதிலுள்ள சங்கடம். வருவாய் குறைந்த குடும்பம் முதலில் அரிசி வாங்கிவிட்டுக் கல்யாணப் பேச்சைத் தள்ளிப்போடுவது போல, பசுவின் சரீரமும் உயிர் தரித்தலையும் மடியையும் முதலில் கவனித்துவிட்டுக் கருத்தரித்தலைக் கடைசிக்கு ஒதுக்குகிறது. தலையீற்றுப் பசுவுக்கோ தானும் இன்னும் வளரவேண்டிய கடன் ஒன்று மேலதிகமாக இருப்பதால், இரண்டாம் கன்றுக்குச் சினையாகத் தவறுவதில் அதுவே முன்னிற்கிறது. தவிர, தன் கன்று மடி முட்டிக் குடிப்பதே பசுவின் மூளையிலிருந்து புறப்படவேண்டிய ஹார்மோன் தூண்டுதலை அடக்கிவைத்துப் பருவம் திரும்புவதைத் தாமதப்படுத்துகிறது.

மெலிவை அளக்க அங்கே 1 முதல் 9 வரை உள்ள உடல்நிலை மதிப்பெண்ணைக் கையாளுகிறார்கள். ஈனும் தறுவாயில் முதிர்ந்த பசு 5 மதிப்பெண்ணிலும், தலையீற்றுக் கிடேரி 6 மதிப்பெண்ணிலும் இருப்பது விரும்பத்தக்கது. ஒரு மதிப்பெண் கூட வேண்டுமானால் ஏறத்தாழ 35 முதல் 45 கிலோ எடை ஏறவேண்டும். வயிற்றுக் கன்று மிகுதியாக வளரும் கடைசி மூன்று மாதங்களில், அதுவும் கடுங்குளிரில், இதை ஏற்றப் பார்ப்பது பணத்தை வைக்கோலாக்கி இறைப்பதற்கு ஒப்பாகும். பால் வற்றி, கருவும் சிறிதாக இருக்கும் இடைக்காலமே பசுவுக்குத் தேவை மிகக் குறைந்த காலம். அப்போதுதான் தின்பது உடம்பில் ஒட்டும். கோடை முடிவில் புல்லின் சத்து இறங்கிய பின்னும் நவம்பர் வரை கன்றை மடியிலேயே விட்டுவைப்பவர், அந்த அரிய இடைக்காலத்தைத் தாமே சுருக்கிக்கொள்கிறார்.

வழக்கமாக ஆறு முதல் எட்டு மாதத்தில் பால் மறக்கடிப்பார்கள். ஐந்து மாதத்துக்கு முன்பே பிரிப்பது முன்கூட்டிய பால்மறப்பு எனப்படும். வறட்சியிலும் இளம்பசுக்களிடத்திலும் இது நல்ல உபாயம். இலையுதிர் காலத் தொடக்கத்தில் பிரித்தால் மறு ஈற்றுக்கு முன் பசுவின் உடம்பு தேறுமேயன்றி, இனச்சேர்க்கைக் காலம் கடந்துவிட்டபடியால், நடப்பு ஆண்டில் தவறிய சினை திரும்பிவராது. நடப்பு ஆண்டிலேயே பயன் வேண்டுமானால், இனச்சேர்க்கைக் காலம் முடியுமுன், கன்றுக்கு இரண்டு மூன்று மாதம் ஆகும்போதே பிரிக்க நேரும். அத்தனை இளங்கன்றுக்குச் சத்து மிகுந்த தீனியும், எட்டும் உயரத்தில் சுத்தமான நீரும், முன்கூட்டிய தடுப்பூசியும், தூசி அடங்கிய பட்டியும் இல்லாவிட்டால், தாயைக் காப்பாற்றப் போய் கன்றை நுரையீரல் நோய்க்குக் கொடுத்ததாகும். வேலிக்கு இப்புறமும் அப்புறமுமாகச் சில நாள் பார்த்துக்கொண்டிருக்க விட்டால், இரண்டும் கத்தி அலைவது குறைகிறது. செலவு ஒரு நல்ல வேலிதான்.

ஈற்று மாதத்தைப் பற்றி நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தின் குட்முண்ட்சன் ஆராய்ச்சிப் பண்ணையில் நீண்ட காலமாக ஆராய்ந்து வருகிறார்கள். மார்ச்சில் ஈன்றால் கன்று விற்பனைக்கு முற்றி நிற்கும். ஆனால் புயலும் வைக்கோல் செலவும் உடன் வரும். மே மாதத்துக்குத் தள்ளினால் ஈன்ற பசுவுக்குப் பச்சைப்புல் கிடைக்கும். ஆனால் இனச்சேர்க்கை ஆகஸ்டில், புல் முற்றிய வேளையில் விழுவதால், இளம்பசுக்கள் சினை பிடிக்காமல் போகக்கூடும். தாமத ஈற்றே சர்வரோக நிவாரணி என்று பேசுவோரின் உற்சாகத்தை நான் ஏற்கவில்லை. இளம்பசுக்களுக்குப் புரதத் தீனி கொடுக்க இயலாதவர் அதில் இறங்காதிருப்பதே உத்தமம்.

மெலிவுக்கு வறட்சியே காரணமாயின், சில உரிமைகளை மறக்கலாகாது. வாரந்தோறும் வெளியாகும் தேசிய வறட்சி வரைபடத்தில் மாவட்டம் குறித்த நிலையை எட்டினால், மேய்ச்சல் நஷ்டத்துக்கு அரசு உதவி உண்டு. வறட்சியினால் வழக்கத்துக்கு மேற்பட்ட எண்ணிக்கையில் இனப்பெருக்கப் பசுக்களை விற்க நேர்ந்து, இரண்டாண்டுக்குள் மாற்றுப் பசுக்களை வாங்கினால், அந்த லாபத்தின் மீதான வருமான வரியை ஒத்திவைக்கலாம். பேரிடர்ப் பகுதியென மத்திய அரசு அறிவித்த இடமாயின் தவணை நான்காண்டு. மழை அளவைக் குறியீடாகக் கொண்ட மேய்ச்சல் காப்பீடும் இருக்கிறது. ஆனால் அது சதுரம் சதுரமாக வகுத்த நிலப்பரப்பின் மழையைப் பார்க்குமேயன்றி உங்கள் பசுவின் விலாவைப் பாராது. எல்லாவற்றுக்கும் கெடு உண்டு. தேதியிட்ட புகைப்படமும் மந்தைக் கணக்கும் விற்பனைச் சீட்டும் இல்லாத விண்ணப்பம் நிற்காது.

பால் மறக்கடிக்கும் நாளில் ஒவ்வொரு பசுவுக்கும் மதிப்பெண் எழுதுங்கள். அன்றே கால்நடை மருத்துவரைக் கொண்டு சினை பரிசோதித்து, காலியாக நிற்பதைக் குளிர்காலத் தீனி தொடங்குமுன் விற்றுவிடுங்கள்.